மூன்று கொடி ஆஸ்பத்திரி

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் ஊர் கோக்தெபேயில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்ளட்டும். அப்படிப் பேசுகிற ஆண்பிள்ளைகளில் பாதிப் பேரை, பிறந்த கையோடு காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டி அழ வைத்தவள் நான்தான். அவர்கள் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் எனக்குப் புதிதாகப் பயம் வந்துவிடுமா? பெயர் கௌஸர். ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. இருந்த ஒரே பெண்ணையும் கிர்குக்கில் கட்டிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் எனக்கு என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி இருக்கிறது. இஹ்ஸான் அண்ணன் இருக்கிறார்.

பாக்தாதில் அதிபரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்களே, அந்த வாரம் எங்கள் ஊர் ஸ்டேஷனில் கடைசியாக இருந்த போலீஸ்காரன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியனோடு வீட்டுக்கு ஓடினான். அவ்வளவுதான், ஊரில் அரசாங்கம் முடிந்தது. அடுத்த நாளே ஆளாளுக்கு ஒரு கட்டடத்தைப் பிடித்துக் கொடி ஏற்ற ஆரம்பித்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த குர்துகள் ஸ்டேஷனைப் பிடித்தார்கள். எங்கள் துருக்மேன் ஆட்கள் தபால் ஆபீஸைப் பிடித்தார்கள். அரபுக்காரர்கள் கோதுமைக் கிடங்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

ஒருநாள் காலையில் டியூட்டிக்குப் போனால் என் ஆஸ்பத்திரியில் மூன்று கொடி பறக்கிறது. மாடியில் குர்து கட்சி ஆபீஸ். கீழே கேட்டை ஒட்டினாற்போல துருக்மேன் கட்சி ஆபீஸ். மொட்டை மாடியில், 'மத்தவங்க யாரும் ஏறிடக் கூடாதுன்னு' காவல் இருக்கிறார்களாம், அரபு ஷேக்கின் அண்ணன் பிள்ளைகள் ஒரு மெஷின் கன்னோடு. கர்ப்பிணிகளுக்கு மிச்சம் விட்டு வைத்தது வாசற்படி ஒன்றுதான்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், துருக்மேன் கட்சிக்குத் தலைவர் என் கூடப்பிறந்த இஹ்ஸான் அண்ணன்தான். டயர்க் கடை வைத்திருந்த மனுஷன். ஆட்சி போன மறுவாரம் கோட்டு போட்டுக்கொண்டு தலைவராகிவிட்டார்.

அன்றிலிருந்து பிரசவமெல்லாம் என் வீட்டுக் கூடத்தில்தான். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, ரப்பர் ஷீட்டை விரித்து, பக்கத்து வீட்டுக்காரி வெந்நீர் போட்டுக் கொடுக்க, எப்படியோ ஓட்டினேன். ஜூன் மாதம் ஒருத்திக்கு ரத்தம் நிற்கவே இல்லை. டாக்ஸியின் பின் சீட்டில் போட்டு, அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி கிர்குக் வரை போனேன். வழியில் ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் ஒவ்வொரு கட்சிக்காரன் நிறுத்தி, 'எந்த ஆளுங்க நீங்க?' என்று கேட்டான். 'பொம்பளைங்கடா' என்று கத்தினேன். அவள் பிழைத்தாள். அது என் சாமர்த்தியம் இல்லை, அல்லாஹ்வின் கருணை. அடுத்த தடவையும் அல்லாஹ் டாக்ஸியில் ஏறி வருவான் என்று எதை வைத்து நம்புவது? என் ஆஸ்பத்திரி எனக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கோடை முழுக்க எனக்கு இது ஒன்றுதான் ஜபம்.

முதலில் அண்ணனிடம் போனேன்.

"மாடியில இருக்கிற குர்துக்காரன் இறங்கட்டும், அடுத்த நிமிஷம் நான் காலி பண்றேன். நான் முதல்ல போனா கீழ்த்தளத்தையும் அவன் பிடிச்சுக்குவான். உனக்கு அரசியல் தெரியாது, கௌஸர்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாக்கும்! மூணு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் பஞ்சர் ஒட்டிட்டு இருந்தீங்க."

"பேச்சைக் குறை. வெளியில பசங்க நிக்கிறாங்க."

மாடிக்குப் போனேன். குர்து தலைவர் ரிஸ்கார், என்னைவிடச் சின்னவர், அளந்து பேசுகிற ஆள். பழைய ஆட்சி அவர் கிராமத்தை எரித்துவிட்டு ஆட்களைத் துரத்திய பிறகு, பாதி ஆயுளை மலையில் கழித்தவர். எனக்கு டீ வரவழைத்தார். பிரசவ டேபிளுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதன்மேல் அவர்களுடைய வயர்லெஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா ஒரு தடவை வீட்டை விட்டுட்டுப் போய், திரும்பி வர எங்களுக்குப் பல வருஷம் ஆச்சு. இனிமே எந்தக் கட்டடத்தை விட்டும் முதல்ல போற ஆளா நாங்க இருக்க மாட்டோம். உங்க அண்ணன் போகட்டும்."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கிருந்த தடியன்கள், "சித்தப்பாவைக் கேளுங்க" என்று கையை விரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கக் கேப்டன் வந்து ஒரு குண்டைப் போட்டான். ஊர்க் கவுன்சில் கூடி வியாழக்கிழமைக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அவனே ஒரு ஆளை நியமித்துவிடுவானாம். கவுன்சிலில் குர்துகளும் துருக்மேன்களும் சரிக்குச் சரி. நடுவில் அரபுகளுக்கு மூன்று இடம். அந்த மூன்றும் ஷேக் தஹாம் சட்டைப் பைக்குள். ஷேக் யார் பக்கம் சாய்கிறாரோ அவன்தான் ஊருக்குத் தலைவன்.

ஷேக் தஹாமை நான் நன்றாக அறிவேன். அவருக்குச் சர்க்கரை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போடுவது நான்தான். ஆறடி உயரம், அண்டா வயிறு, பீரங்கிக்கே அசராத ஆள் என்று பெயர். ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பாடு என்றால் உயிர்.

புதன்கிழமை மத்தியானம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு விருந்தினர் கூடத்துக்குள் நுழைந்தேன். உள்ளே பார்த்தால் சாவு வீடு போல அமைதி. ஒரு பக்கத்துச் சுவரோரம் ரிஸ்காரும் அவர் ஆட்களும். எதிர்ச் சுவரோரம் என் அண்ணனும் அவர் ஆட்களும். நடுவில் ஷேக், வேர்த்து விறுவிறுத்து. ரிஸ்கார் முன்னால் ஒரு காபிக் கிண்ணம், அண்ணன் முன்னால் ஒரு காபிக் கிண்ணம். இரண்டும் தொடாமல் ஆறிப் போயிருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. அரபு வீட்டில் காபியை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தால், 'எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்' என்று பொருள். 'குடி, கொடுத்தாச்சு' என்று வீட்டுக்காரர் சொல்கிற வரை விருந்தாளி கிண்ணத்தைத் தொடமாட்டான், சோற்றையும் தொடமாட்டான். சொல்லிவிட்டாலோ, கேட்பது எதுவாக இருந்தாலும் கொடுத்தே தீர வேண்டும், தலையே போனாலும் மாற்றிப் பேசக் கூடாது. இந்த வழக்கம் அரபுகளுடையதுதான். ஆனால் பக்கத்திலேயே வாழ்கிற எங்களுக்கும் குர்துகளுக்கும் அத்துப்படி. இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே மாதிரி கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தனுக்கு 'குடி' என்றால் இன்னொருத்தன் விரோதி. ஷேக் காலையிலிருந்து இப்படியே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மத்தியான லுஹர் தொழுகைக்கு பாங்கு சொன்னபோதுதான் எல்லோரும் எழுந்தார்கள். அதிலும் கூத்து. யார் முன்னால் நின்று தொழுகை நடத்துவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் குர்துகள் ஒரு மூலையில் கையைக் கட்டித் தொழுதார்கள். எங்கள் ஆட்கள் ஷியா, இன்னொரு மூலையில் நெற்றி பதிக்கிற மண்வில்லையை வைத்துக் கையைத் தொங்கவிட்டுத் தொழுதார்கள். ஷேக் தன் ஆட்களோடு நடுவில். அல்லாஹ் அன்றைக்கு அந்தக் கூடத்தை மூன்று தடவை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். தொழுது முடித்து, எல்லோரும் பழையபடி அவரவர் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

உள்ளேயிருந்து ஆட்டுக்கறிச் சோற்று வாசனை ஆளைத் தூக்கியது. ஷேக்கின் மூக்கு விரிந்து விரிந்து அடங்கியது.

"ஊசியைப் போடு, மகளே" என்றார்.

"போட்டா அரை மணி நேரத்துல சாப்பிடணும். சாப்பிடலைன்னா மயக்கம் போட்டு விழுவீங்க. சாப்பாடு எப்போ?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி இரண்டு கிண்ணங்களையும் பரிதாபமாகப் பார்த்தார். விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர் எப்படிக் கை நனைப்பது?

"அப்போ நான் நாளைக்கு வர்றேன்."

"இரு, இரு. மருந்தையாவது எடுத்து வை."

நான் உட்கார்ந்து மருந்துக் குப்பியை எடுத்தேன். காபி ஊற்றுகிற ஃபர்ஹான் கிழவர் பழக்கதோஷத்தில் என் கையிலும் ஒரு கிண்ணத்தைத் திணித்துவிட்டுப் போனார். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் குப்பி. கிண்ணத்தை எங்கே வைத்துக்கொள்வது? விரிப்பின் மேல் வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. கை ஒழியவில்லை, வைத்தேன். அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால் எல்லோர் கண்ணும் என் கிண்ணத்தின் மேல். ஷேக் முகத்தில், தண்ணீரில் மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். பாவம், அவர் போட்ட கணக்கு எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நர்ஸம்மா என்ன கேட்டுவிடப் போகிறாள்? ஒரு மருந்துப் பெட்டி கேட்பாள், மிஞ்சிப் போனால் ஒரு ஜெனரேட்டர் கேட்பாள். கொடுத்துவிட்டால் கூடத்தில் ஒரு காரியம் நல்லபடி முடிந்ததாகிவிடும், அந்தச் சாக்கில் சோற்றுத் தட்டை இறக்கிவிடலாம்.

"குடிம்மா!" என்று உரக்கச் சொன்னார். "எது கேட்டாலும் கொடுத்தாச்சு! எல்லாரும் சாட்சி!"

"எதைக் கொடுத்தாச்சு? முதல்ல சட்டைக் கையைச் சுருட்டுங்க" என்றேன் நான், ஒன்றும் புரியாமல்.

"கௌஸர்" என்றார் என் அண்ணன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஷேக் உனக்கு வாக்கு கொடுத்திருக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசியைக் கீழே வைத்தேன். கேட்பது எதுவானாலும் கொடுத்தாக வேண்டும். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அப்பாவிடம் ஏதாவது வாங்கித் தரச் சொல்லி என்னை முன்னால் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டுவாரே, அதே கண். 'மூணு ஓட்டையும் எனக்குக் கேள்' என்றது. எதிர்ப்பக்கம் ரிஸ்காரின் முகம் இருண்டுவிட்டது. அவர் ஆட்களில் ஒருவன் மடியிலிருந்த துப்பாக்கியை மெதுவாக நகர்த்தினான்.

ஒரு வார்த்தை போதும். என் அண்ணன் ஊருக்குத் தலைவர். எனக்கு ஆசை இல்லையா? இருந்தது. யார் இல்லை என்றது? ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன நிமிடமே ரிஸ்கார் மாடியில் மணல் மூட்டை அடுக்குவார். அண்ணன் தலைவராகவும் இருப்பார், என் பிரசவ டேபிள் மேல் வயர்லெஸ் பெட்டியும் இருக்கும். நான் சாகிற வரை டாக்ஸியில் வயிற்றை அழுத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

"ஷேக்" என்றேன். "எனக்கு உங்க மூணு ஓட்டும் வேணும்."

ஷேக் வாயைப் பிளந்தார். கூடத்தில் எவனோ 'யா அல்லாஹ்' என்றான். அண்ணன் மீசை மேலேறியது.

"என் ஆஸ்பத்திரியை விட்டு எந்தக் கட்சி முதல்ல வெளியேறுதோ, கொடி, துப்பாக்கி, சோபா எல்லாத்தோடயும், கடைசி ஆள் வரைக்கும், அந்தக் கட்சித் தலைவருக்கு அந்த மூணு ஓட்டு. அதுக்கு முன்னாடி மொட்டை மாடியில இருக்கிற உங்க பசங்க மெஷின் கன்னைத் தூக்கிட்டு இறங்கணும். இவ்வளவுதான் நான் கேக்கிறது. கையை நீட்டுங்க."

கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். கசப்பு. ஊசியைப் போட்டேன். அன்றைக்கு ஷேக் கண்ணை மூடக்கூட மறந்துவிட்டார்.

"இவளை மாதிரி நாலு பேர் இருந்திருந்தா இங்கிலீஷ்காரனே இந்த நாட்டுக்குள்ள வந்திருக்க மாட்டான்" என்று முனகினார். பிறகு, "வாக்கு வாக்குதான். சோத்தைக் கொண்டாங்கடா!" என்று கத்தினார்.

யார் சாப்பிட்டார்கள்? ஒரு நொடி எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் கூடமே வாசலை நோக்கி ஓடியது. ரிஸ்கார் ஒரு செருப்பை விட்டுவிட்டே ஓடினார். என் அண்ணன் என்னைக் கடந்து போகும்போது காதருகே குனிந்து, "பலே! நம்ம ஆபீஸ் கேட்டுப் பக்கத்துல இருக்கு, அவனுக்கு மாடிப்படி இறங்கணும். யோசிச்சுத்தான் கேட்டிருக்கே!" என்றார். அந்த நினைப்பு என் மனசின் ஓரத்திலும் இருந்தது என்பதை இப்போது மறைப்பானேன்.

ஷேக் இரண்டு கவளம் அவசரமாக விழுங்கிவிட்டு, காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "யார் முதல்ல வந்தாங்கன்னு நான் சொன்னா அரபுக்காரன் சதி பண்ணிட்டான்னு ரெண்டு பேரும் சொல்லுவானுங்க. கேட்டவ நீ. நீயே நின்னு பாரு. நீ சொல்றதுதான்" என்றார்.

நான் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். ஊரே கூடிவிட்டது. மொட்டை மாடித் தடியன்கள் மெஷின் கன்னைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் இறங்கினார்கள், சித்தப்பாவின் சாப்பாட்டைக் கெடுத்த கோபத்தை அவர் அவர்கள்மேல்தான் காட்டுவார் என்று தெரிந்த முகத்தோடு.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் அமர்க்களம். மாடி ஜன்னல் வழியாக ரிஸ்காரின் ஆட்கள் கயிறு கட்டி ஒரு பச்சை சோபாவை இறக்கினார்கள். வயர்லெஸ் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஒருவன் படியில் உருண்டான். கீழே எங்கள் ஆட்கள் மேஜை, பெஞ்சு, கொடி, தலைவர் படம் எல்லாவற்றையும் லாரியில் வீசினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில்தானே இருந்தார்கள், லாரி நிரம்பி, எஞ்சின் உறுமி, மூக்கு கேட்டுக்கு வெளியே வந்துவிட்டது. மாடியில் குர்துகள் இன்னும் படுக்கை சுருட்டிக்கொண்டிருந்தார்கள். 'போ அண்ணே, போய்விடு' என்று உதடு தானாக முணுமுணுத்தது.

அப்போது லாரிக்குப் பக்கத்தில் நடந்து வந்த அண்ணன் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கூலர்! கூலரை விட்டுட்டீங்களேடா, பரதேசிகளா!"

அது எங்கள் பிரசவ அறைக் கூலர். மாடியிலிருந்ததைக் கட்சி ஆபீஸுக்கென்று என்றைக்கோ கீழே இறக்கியிருக்கிறார்கள். ஜூலை வெயிலில் ஒரு கூலரை யார்தான் விடுவார்கள்? அண்ணனே உள்ளே ஓடினார். ஜன்னலில் பொருத்தியிருந்த அந்தத் தகரப் பெட்டி லேசில் வரவில்லை. உள்ளேயிருந்து அவர் திட்டுகிற சத்தமும் தகரம் கிறீச்சிடுகிற சத்தமும் கேட்டன. அந்த இடைவெளியில் குர்துகள் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். கடைசியில் ரிஸ்கார் வந்தார், ஒரு காலில் செருப்போடு, சுருட்டிய கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் டீக் கெண்டியோடு. சாலையைத் தாண்டி வந்து நின்றார். அதற்குப் பிறகுதான் என் அண்ணன் கூலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நாங்கதான் முதல்ல!" என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். வானத்தைப் பார்த்து ஒருவன் சுட்டான். துப்பாக்கிகள் தோளிலிருந்து இறங்கின. கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்தார்கள்.

"கௌஸர்!" என்றார் ஷேக், நாற்காலியிலிருந்து எழுந்து. "சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தார். வேர்வை வழிய, கோட்டுத் தையல் விட்டுப்போய், அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்காக ஊரோடு சண்டை போட்ட மனுஷன். புருஷன் செத்த அன்று என்னைத் தனியாக விடாமல் வாசலிலேயே படுத்துக் கிடந்த மனுஷன். அவர் பக்கத்தில் நின்றவன் கையில் துப்பாக்கி. எதிரில் நின்றவன் கையிலும்.

"ரிஸ்கார் முதல்ல வந்தாரு" என்றேன்.

"பொய்!" என்றார் அண்ணன். "எங்க லாரி மூக்கு முதல்ல வெளிய வந்துச்சு! ஊரே பார்த்துச்சு!"

"மூக்கு வெளியதான் இருந்துச்சு, அண்ணே. நீங்க உள்ள இருந்தீங்களே. கடைசி ஆள் வரைக்கும்னு சொன்னேன். நீங்க முதல்ல வரணும்னு அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டே நின்னேன். கூலருக்காகத் திரும்பிப் போனீங்க. நான் என்ன பண்ண?"

யாரோ ஒருத்தர் 'க்ளுக்' என்று சிரித்தார். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அப்புறம் எங்கள் துருக்மேன் பையன்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் கூலரைக் கட்டிக்கொண்டு நிற்கிறபோது எவன் சுடுவான்? துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தோளுக்கு ஏறின. அண்ணன் சிரிக்கவில்லை.

"நீ எங்கம்மா வயித்துலதான் பொறந்தியா?" என்று என்னைக் கேட்டார். கூலரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை ரிஸ்கார் தலைவரானார். ஷேக் வாக்கு மாறவில்லை. நான் கூட்டத்துக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிகரெட் துண்டு, தோட்டா உறை, ஆட்டெலும்பு என்று வாளி வாளியாக அள்ளினேன். ஊரில் எல்லா இனத்துப் பெண்களும் வந்து தரை தேய்த்தார்கள். சந்தோஷமான வேலைதான். ஆனால் அண்ணன் கேட்டது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அண்ணி வரவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து ஒரு குரல்கூட இல்லை. டயர்க் கடைப் பக்கம் போனேன், என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரியா அண்ணனா என்று கேட்டிருந்தால் இரண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் அப்படிக் கேட்டு வைக்கவில்லையே.

மறுவாரம் ஒருநாள் உச்சி வெயிலில் கடைத்தெருவிலிருந்து ஒரே சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் அண்ணன் தள்ளுவண்டியில் கூலரை வைத்து, தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வருகிறார். கோட்டு இல்லை. பழைய கடைச் சட்டை. டீக்கடையில் ரிஸ்காரின் பையன்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். ஆஸ்பத்திரி மேட்டில் வண்டி ஏற மறுத்தது. இரண்டு குர்துப் பையன்கள் ஓடி வந்து பின்னால் கை கொடுத்தார்கள்.

"யாரைக் கேட்டுத் தொடுறே?" என்று சீறினார். வண்டி பின்னால் உருளப் பார்த்தது. "சரி, தள்றதுன்னா ஒழுங்கா தள்ளு! சாப்பிடலையா நீங்க?"

மாடிப்படியில் அந்தப் பையன்களே தூக்கிக் கொடுத்தார்கள். பிரசவ அறை ஜன்னலில் அண்ணனே பொருத்தினார், அரை மணி நேரம் தட்டி, திட்டி, ஆணி கேட்டு. நான் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றினேன். நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது. காற்று குளிர்ந்து வந்தது. காலியான டேபிளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கூலர் முன்னால் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை" என்றார். "ஷேக் வீட்டுல ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்தான் தலைவர்."

"ஆமா."

"ரோட்டுல ஒரு பொய் சொல்லியிருந்தாலும் நான்தான்."

"ஆமா. அடுத்த நிமிஷமே சுட்டிருப்பாங்க. முதல் குண்டு உங்களுக்குத்தான். அத்தனை பேர் கையிலயும் துப்பாக்கி, உங்க கையில கூலர்."

அவர் கூலரின் தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த ஊருக்குத் தலைவனா வர்றதுக்கு வீட்டுக்கு ஒருத்தன் நிக்கிறான், அண்ணே. எனக்கு அண்ணன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

அண்ணன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"எங்கம்மா வயித்துலதான் பொறந்திருக்கே" என்றார். "அவளும் இப்படித்தான், யாருக்கும் ஒத்துப் பேச மாட்டா." எழுந்தார். "வீட்டுக்கு வா. உன் அண்ணி டோல்மா பண்ணி வெச்சிருக்கா. ஆனா ஒண்ணு, ஒரு மாசத்துக்கு உன்கூட நான் பேசப் போறதில்லை. என் ஆளுங்க முன்னாடி எனக்கும் ஒரு மானம் இருக்கு."

"சரி, பேசாமலே சாப்பிடலாம்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தி, அவரோடு நடந்தேன். கடைத்தெரு முழுக்க அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். ரிஸ்காருக்குச் சாக்கடை பற்றி ஒன்றும் தெரியாது, ஷேக்குக்குச் சோறு தவிர ஒன்றும் தெரியாது, அந்தக் கூலரின் மோட்டார் பழசு, வெள்ளிக்கிழமை வந்து எண்ணெய் விடுகிறேன், தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதே என்று, வீட்டு வாசல் வரை ஓயவே இல்லை.